பிளான் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டச் சொல்கிறதா? லோக்கல் ஸ்டேட் எங்கே போனது என்று தேடும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான். காட்பாடியில் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபீஸ், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் நடத்துகிறார்கள். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மும்பை ரீஜியனில், டெராஃபார்மில் (என்னென்ன வேண்டும் என்று கோடாக எழுதினால் கட்டித்தரும் கருவி) எழுதி டெராகிரண்ட் (அதன் மேல் போர்த்தி ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுவது. ஸ்டேட், அதாவது கட்டியவற்றின் கணக்கை டெராஃபார்ம் எழுதி வைக்கும் ஃபைல், லோக்கலில், கேள்வி கேட்டவருடைய லேப்டாப்பில். ரெப்போ (கோடு தொகுப்பு) இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி வேறு டிரைவுக்கு நகர்த்தியிருக்கிறார். அதற்கப்புறம் பிளான் (என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் கட்டளை; அப்ளை அதை நிஜமாகவே செய்யும்) ஓட்டினால் '23 சேர்க்க, 0 மாற்ற, 0 அழிக்க' என்று வருகிறது. ஆனால் சர்வர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "அண்ணா, அப்ளை கொடுத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, கொடுக்காதீர்கள். டெர்மினலில் 'யெஸ்' கேட்டு நின்றுகொண்டிருந்தால் கண்ட்ரோல்-சி அடித்து வெளியே வந்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். உங்கள் ஸ்டேட் அநேகமாக அழியவில்லை, டெராஃபார்ம் வேறு இடத்தில் நின்று தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நிலம் அங்கேயே இருக்கிறது, பத்திரம் எந்தப் பீரோவில் என்பதுதான் தெரியவில்லை. அதற்காக யாரும் பக்கத்திலேயே இன்னொரு மனை வாங்க மாட்டார்கள்.

அப்ளை கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பேர் ஒன்றாக இருப்பதால் எரர் அடித்து நின்றுவிடும், ஆபத்தில்லை" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பாதிதான் நிற்கும். ஐஏஎம் ரோல், ஆர்டிஎஸ் டேட்டாபேஸ், எஸ்3 பக்கெட் (ஃபைல் சேமிக்கும் இடம்) மாதிரி பெயரே அடையாளமாக இருப்பவை 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். விபிசி (தனி நெட்வொர்க்), சப்நெட், ஈசி2 சர்வர், எலாஸ்டிக் ஐபி, நாட் கேட்வே இவற்றுக்கெல்லாம் பெயர் வெறும் டேக். அதனால் சத்தமே இல்லாமல் இரண்டாவது செட் உருவாகும், பில்லும் ஓட ஆரம்பிக்கும். இதில் மோசமானது, பாதி வெற்றி பாதி தோல்வி என்று ஒரு புது ஸ்டேட் எழுதப்பட்டுவிடும். பழைய ஸ்டேட் பிறகு கிடைத்தாலும் எது எந்தச் செட்டைச் சேர்ந்தது என்று பிரித்தெடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? வெறும் டெராஃபார்மாக இருந்தால் கணக்கு எளிது. எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறீர்களோ அங்கேயே டெராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட் என்ற ஃபைல் உட்காரும். ஃபோல்டரை நகர்த்தினால் ஃபைலும் கூடவே வரும், ஒரு தொல்லையும் இல்லை. டெராகிரண்ட் மாதிரி மேலே போர்த்தி ஓட்டும் கருவி வந்ததும்தான் சிக்கல். டெராகிரண்ட்.ஹெச்சிஎல் ஃபைலில் சோர்ஸ் என்று, மாட்யூல் (டெராஃபார்ம் கோடின் ஒரு தொகுதி) எங்கே இருக்கிறது எனச் சொல்லும் ஒரு வரி கொடுத்திருப்பீர்கள். அது இருந்தால் டெராகிரண்ட் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் டெராஃபார்மை ஓட்டுவதில்லை. டாட்-டெராகிரண்ட்-கேஷ் என்று ஒரு மறைவான ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒரு ஹேஷ் (ஒரு பெயரிலிருந்து கணக்கிட்டு வரும் எழுத்துக் கோர்வை), அதற்குள் இன்னொரு ஹேஷ் என்று புரியாத எழுத்துகளில் இரண்டு அடுக்கு போட்டு, மாட்யூலை அங்கே காப்பி செய்து, அங்கே போய் நின்றுதான் ஓட்டும். பேக்எண்ட், அதாவது ஸ்டேட்டை எங்கே வைப்பது என்ற அமைப்பு, எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டேட்டும் அங்கேதான் எழுதப்படும். கேஷ் என்று பெயர் வைத்த, எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிற, கிட் கண்டுகொள்ளாமல் விடும்படி கிட் இக்னோரில் போட்டிருக்கிற ஒரு ஃபோல்டருக்குள் உங்கள் கம்பெனியின் மொத்தக் கணக்கும் கிடக்கிறது. கருவியைக் குறை சொல்லியும் பயனில்லை, அது ரிமோட் ஸ்டேட்டை (லேப்டாப்பில் இல்லாமல் எஸ்3 மாதிரி பொது இடத்தில் வைப்பதை) மனதில் வைத்துச் செய்தது. லோக்கல் ஸ்டேட்டை அதில் பயன்படுத்துகிறவர்கள்தான் பாத்தை, அதாவது ஃபைலின் முகவரியை, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டு ஹேஷில்தான் உங்கள் பிரச்சினைக்கு விடை இருக்கிறது. முதல் ஹேஷ் நீங்கள் நிற்கும் ஃபோல்டரின் முழுப் பாத்திலிருந்து வருவது. இரண்டாவது சோர்ஸ் யூஆர்எல்லிலிருந்து வருவது, ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் சோர்ஸின் ரெஃப் மட்டும் மாறினால், அதாவது மாட்யூலின் பதிப்பை உயர்த்தினால், ஹேஷ் மாறாது, பழைய இடமேதான். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, டிரைவ் மாறினாலோ முதல் ஹேஷ் மாறிவிடும். டெராகிரண்ட் புது ஃபோல்டர் போடும், அங்கே ஸ்டேட் இருக்காது, பிளான் 23 சேர்க்கச் சொல்லும். நீங்கள் செய்தது இதுதான்.

விண்டோஸ் வைத்திருக்கிறவர்கள் இதே குழியில் இன்னொரு பக்கமாக விழுவார்கள். ஒரு நாள் பவர்ஷெல்லில் சி டிரைவ் பாத்தில் ஓட்டுவது, மறுநாள் டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) ஸ்லாஷ் எம்என்டி ஸ்லாஷ் சி என்று அதே ஃபோல்டருக்குள் போய் ஓட்டுவது. நமக்கு ஒரே ஃபோல்டர், டெராகிரண்டுக்கு இரண்டு. இரண்டு கேஷ், இரண்டு ஸ்டேட். அப்புறம் சோர்ஸில் இரட்டை ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் துணை ஃபோல்டர் பெயரை (மாட்யூல்ஸ் ஸ்லாஷ் விபிசி மாதிரி) மாற்றினாலும் டெராஃபார்ம் நிற்கும் இடம் மாறும், ஏனென்றால் ரெப்போ முழுதும் கேஷுக்குள் வந்து, அந்தத் துணை ஃபோல்டருக்குள் போய்த்தான் அது ஓடுகிறது. மாட்யூலில் ஒரு சின்னத் திருத்தம் பார்க்க சோர்ஸை லோக்கல் பாத்துக்குத் திருப்பி ஓட்டுவோமே, அப்போதும் இரண்டாவது ஹேஷ் மாறும்.

இனி தேடுவோம். முதலில் பிளானின் மேல் பகுதியைப் பாருங்கள். எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள், துப்பு இருப்பது மேலே. 'ரிஃப்ரெஷிங் ஸ்டேட்' என்று ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் (சர்வர், சப்நெட் மாதிரி டெராஃபார்ம் கட்டும் ஒவ்வொன்றுக்கும்) ஐடியோடு வரிகள் ஓடினால் ஸ்டேட் இருக்கிறது, படிக்கவும் படுகிறது, கோளாறு வேறு: வேறு ஏடபிள்யூஎஸ் கணக்கின் புரொஃபைலில் இருக்கலாம், ரீஜியன் மாறியிருக்கலாம், அங்கே போய்த் தேடிவிட்டு எதுவும் இல்லை என்று புதிதாகக் கட்டச் சொல்கிறது. அந்த வரிகள் ஒன்றுகூட இல்லாமல் நேராக 'உருவாக்கப்படும்' என்று ஆரம்பித்தால், டெராஃபார்ம் கையில் இருப்பது வெற்று ஸ்டேட். உங்கள் கதை இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, டெராகிரண்ட் எங்கே நிற்கிறது என்று அதனிடமே கேட்கலாம். புதிய பதிப்புகளில் 'டெராகிரண்ட் இன்ஃபோ பிரின்ட்', பழையவற்றில் 'டெராகிரண்ட் டெராகிரண்ட்-இன்ஃபோ'. கேஷ் எங்கே, ஓட்டும் ஃபோல்டர் எது, எந்த பைனரி (ஓடும் புரோகிராம்) என்று எல்லாம் வரும். பைனரி வரியையும் ஒரு பார்வை பாருங்கள். மெஷினில் ஓப்பன்டோஃபு (டெராஃபார்மிலிருந்து பிரிந்த இன்னொரு கருவி) இருந்தால் டெராகிரண்ட் அதையே எடுத்துக்கொள்ளும், நீங்கள் டெராஃபார்ம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். யாராவது டவுன்லோட் ஃபோல்டரை டெம்ப்புக்கு மாற்றி வைத்திருந்தாலும் இங்கே தெரிந்துவிடும். டெம்ப்பில் லோக்கல் ஸ்டேட் என்றால் ரீஸ்டார்ட்டிலேயே அது துடைக்கப்பட்டுவிடலாம்.

அப்புறம் ரெப்போவின் மேல் ஃபோல்டரில் நின்று ஃபைண்ட் போட்டு, பெயர் டெராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட் என்று தொடங்கும் எல்லா ஃபைலையும் அளவோடும் தேதியோடும் எடுங்கள். நீங்கள் ஃபோல்டரை முழுசாக நகர்த்தியிருந்தால் பழைய கேஷும் உள்ளேயே வந்திருக்கும், புது ஹேஷுக்குப் பக்கத்தில் பழைய ஹேஷ் அப்படியே கிடக்கும். கிட்டில் புதிதாக குளோன் செய்திருந்தால் வந்திருக்காது, பழைய டிரைவில் போய்ப் பாருங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ஆபீஸில் வேறு யாராவது அப்ளை ஓட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், ஆம்பூரிலிருந்து வந்துபோகிறவர் அவருடைய லேப்டாப்பில் ஒருநாள் ஓட்டியிருந்தால் உண்மையான ஸ்டேட் இன்றைக்கு ஆம்பூரில் இருக்கிறது.

ஃபைண்டில் ஒரே பெயரில் இரண்டு வகை ஃபைல் வரும், இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டாட்-டெராஃபார்ம் ஃபோல்டருக்குள் இருக்கும் டெராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட் உங்கள் ஸ்டேட் அல்ல. எந்த பேக்எண்ட், என்ன அமைப்பு என்று, ஃபோல்டரைத் தயார் செய்யும் இனிட் கட்டளை எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. அதில் ரிசோர்ஸ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு "போச்சு" என்று தலையில் கை வைக்க வேண்டாம். அதற்கு வெளியே, டிஎஃப் ஃபைல்களோடு சேர்ந்து இருப்பதுதான் வேண்டியது.

கிடைத்த ஒவ்வொன்றையும் எடிட்டரில் திறந்து பாருங்கள், வெறும் ஜேசன்தான். மேலே வெர்ஷன் 4 என்றிருக்கும், அதற்குக் கீழே எந்தப் பதிப்பு எழுதியது என்பது, பிறகு சீரியல், லினியேஜ், அவுட்புட்ஸ், ரிசோர்ஸஸ். ரிசோர்ஸஸ் என்பதற்கு நேரே வெறும் சதுர அடைப்பு இருந்தால் அது வெற்று ஸ்டேட், ஃபைலே சில நூறு பைட்டைத் தாண்டாது, ஒதுக்கிவிடலாம். லினியேஜ் என்பது ஸ்டேட் முதன்முதலில் பிறக்கும்போது விழும் ஐடி. கடைசி வரை மாறாது. சீரியல் ஸ்டேட் மாறி எழுதப்படும்போதெல்லாம் ஏறும். ஆக, லினியேஜ் ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபைலில் சீரியல் அதிகமாக இருப்பது புதியது. லினியேஜே வேறு என்றால் இரண்டும் தனித்தனிக் குடும்பம், யாரோ வெற்று இடத்தில் ஏற்கெனவே ஒரு அப்ளை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது இரண்டிலும் உள்ள இன்ஸ்டன்ஸ் ஐடிகளை ஏடபிள்யூஎஸ் கன்சோலோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். தேதியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், காப்பி செய்தால் தேதி மாறிவிடும்.

சரியான ஃபைல் கிடைத்ததும் முதல் வேலை ரெப்போவுக்கு வெளியே ஒரு காப்பி. பென் டிரைவோ, எதுவோ. டாட் பேக்கப் என்று பக்கத்தில் ஒரு ஃபைல் இருக்குமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அது ஒரே ஒரு படி பின்னால் உள்ளதுதான், அடுத்த அப்ளையில் அதுவும் மாறிவிடும்.

இப்போது பாத்தைக் கட்டிப்போட வேண்டும். மேல் ஃபோல்டரில் இருக்கும் பொது ஹெச்சிஎல் ஃபைலில் ரிமோட்_ஸ்டேட் பிளாக் ஒன்று எழுதி, பேக்எண்ட் லோக்கல் என்று கொடுங்கள். பெயர் ரிமோட்_ஸ்டேட், கொடுப்பது லோக்கல். வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான் எழுத வேண்டும். கான்ஃபிக்கில் பாத் என்ற இடத்தில் கெட்_டெராகிரண்ட்_டிர் ஃபங்ஷனை டாலர் அடைப்புக்குள் போட்டு, ஒரு ஸ்லாஷ், டெராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட். இந்த ஃபங்ஷன் பொது ஃபைலில் எழுதியிருந்தாலும் அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு குழந்தை ஃபோல்டரின் முழுப் பாத்தையும் தரும், ஆகவே ஒவ்வொரு மாட்யூலின் ஸ்டேட்டும் அதனதன் ஹெச்சிஎல் பக்கத்தில், கேஷுக்கு வெளியே உட்காரும். கூடவே ஜெனரேட் பகுதியையும் எழுதி பேக்எண்ட்.டிஎஃப் ஃபைலை அதுவே உருவாக்கும்படி விடுங்கள். அதை விட்டுவிட்டால் மாட்யூலில் பேக்எண்ட் பிளாக் இல்லையே என்று எரர் வரும்.

இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. கெட்_டெராகிரண்ட்_டிர் இருக்க வேண்டிய இடத்தில் கெட்_பேரன்ட்_டெராகிரண்ட்_டிர் போட்டுவிட்டு, பின்னால் பாத்_ரிலேட்டிவ்_டு_இன்க்ளூட் சேர்க்க மறந்தால் எல்லா மாட்யூலும் ஒரே ஸ்டேட் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும். அப்போது உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிரானது நடக்கும்: டேட்டாபேஸ் மாட்யூலில் நின்று பிளான் ஓட்டினால் விபிசியை அழிக்கப் போகிறேன் என்று வரும், ஏனென்றால் ஸ்டேட்டில் விபிசி இருக்கிறது, இந்த மாட்யூலின் கோடில் இல்லை. சேர்ப்பதைவிட அழிப்பது பயங்கரம், 'யெஸ்' கேட்காமல் ஓடவைக்கும் ஆட்டோ அப்ரூவ் போட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்னும் பயங்கரம்.

பிளாக் எழுதியாயிற்று, பழைய ஸ்டேட்டை எப்படிக் கொண்டுவருவது? இனிட் சில சமயம் "பழைய ஸ்டேட்டைப் புது இடத்துக்குக் காப்பி செய்யட்டுமா" என்று தானே கேட்கும். ஆனால் உங்கள் கேஸில் இனிட் புது ஹேஷில் நிற்கும், பழையதைப் பார்க்கவே பார்க்காது. கையால் வைப்பதுதான் சுத்தம். வெளியே எடுத்து வைத்த காப்பியை ஹெச்சிஎல் பக்கத்தில் வைத்து, புதிதாக உருவான கேஷ் ஃபோல்டரை அப்புறப்படுத்திவிட்டு இனிட் ஓட்டுங்கள். 'டெராகிரண்ட் ஸ்டேட் லிஸ்ட்' கொடுத்தால் ரிசோர்ஸ் பெயர்கள் வரிசையாக வர வேண்டும். பிறகு பிளான். '0 சேர்க்க' என்று வந்தால் முடிந்தது. ஒன்றிரண்டு மாற்றம் காட்டினால் படித்துப் பாருங்கள், யாராவது கன்சோலில் கையால் மாற்றியிருப்பார்கள். எத்தனை மாட்யூல் இருக்கிறதோ அத்தனைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

முழுப் பாத் எழுதியதற்கு ஒரு சின்ன விலை உண்டு. நாளைக்கே மறுபடி ஃபோல்டரைக் கேஷோடு சேர்த்து வேறு இடத்துக்கு நகர்த்தினால் சில நேரம் 'பேக்எண்ட் அமைப்பு மாறிவிட்டது' என்று எரர் வரும், மைக்ரேட்-ஸ்டேட் கொடு அல்லது ரீகான்ஃபிகர் கொடு என்று இரண்டு வழி காட்டும். மைக்ரேட் பழைய பாத்திலிருந்து காப்பி எடுக்கப் பார்க்கும், ரீகான்ஃபிகர் பழையதைக் கண்டுகொள்ளாமல் புதுப் பாத்தை மட்டும் ஏற்கும். ஸ்டேட் ஃபைல் புது இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ரீகான்ஃபிகர் சரி. பார்க்காமல் அதைக் கொடுத்தால் மறுபடி 23 சேர்க்கச் சொல்லும்.

இதே அறிகுறியோடு வரும் வேறு சில விஷயங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வொர்க்ஸ்பேஸ் (ஒரே கோடுக்குப் பல ஸ்டேட் வைத்துக்கொள்ளும் வசதி) பயன்படுத்தினால் ஸ்டேட் டெராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட்.டி என்ற ஃபோல்டருக்குள் வொர்க்ஸ்பேஸ் பெயரில் தனித்தனியாக இருக்கும், எந்த வொர்க்ஸ்பேஸ் என்ற ஞாபகம் டாட்-டெராஃபார்முக்குள் இருக்கும். கேஷை அழித்தால் அந்த ஞாபகமும் போய் டிஃபால்ட்டுக்கு வந்துவிடுவீர்கள், பிளான் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். வொர்க்ஸ்பேஸ் ஷோ ஒரு தடவை அடித்தால் தெரிந்துவிடும். டெராஃபார்ம் சிடிகே (பைத்தான் மாதிரி மொழியில் டெராஃபார்ம் எழுதும் வழி) பயன்படுத்துகிறவர்களுக்கு ஸ்டேட் ஃபைலின் பெயரிலேயே ஸ்டேக் பெயர் இருக்கும், ஸ்டேக் பெயரை மாற்றினால் இதே கதைதான்.

ஒரு மாட்யூல் இன்னொன்றின் அவுட்புட்டை வாங்கிக்கொள்ள டிபென்டென்சி பிளாக் போட்டிருந்தால் இன்னொரு மாதிரி எரர் வரும்: அந்த மாட்யூலில் அவுட்புட்டே இல்லை, இன்னும் அப்ளை ஆகவில்லையா என்று கேட்கும். அப்ளை ஆகித்தான் இருக்கும். ரிமோட்_ஸ்டேட் பிளாக் இருந்தால் டெராகிரண்ட் வேகத்துக்காக அந்த மாட்யூலை முழுசாக இறக்காமல், ஒரு தற்காலிக ஃபோல்டரில் பேக்எண்ட் அமைப்பை மட்டும் வைத்து அவுட்புட்டைப் படிக்கப் பார்க்கும். பாத் முழுப் பாத்தாக இல்லாவிட்டால் அந்தத் தற்காலிக ஃபோல்டருக்குள்ளேயே தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். முழுப் பாத் கொடுத்தாலே இது தீர்ந்துவிடும். இந்த எரரை வாயடைக்க மாக் அவுட்புட்ஸ் (போலி அவுட்புட்) போடுகிறவர்கள் அதை பிளானுக்கும் வேலிடேட்டுக்கும் மட்டும் அனுமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் விபிசி ஐடியோடு அப்ளை ஓட ஆரம்பிக்கும்.

நம்ம ஊரில் வரக்கூடிய இன்னொன்று: வெயில் காலத்தில் அப்ளை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய், பேட்டரி செத்த லேப்டாப்போ யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்போ அணைந்துவிடுவது. கரண்ட் வந்ததும் லாக் (இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஸ்டேட்டை எழுதாமல் தடுக்கும் பூட்டு) பற்றிய எரர் வருமோ என்று பயப்படுவார்கள். லோக்கல் ஸ்டேட்டின் லாக் ஓடுகிற புராசஸோடு கட்டியது, மெஷின் அணைந்தால் லாக்கும் போய்விடும். மெஷின் அணையாமலேயே லாக் எரர் வந்தால் வேறு ஏதோ டெர்மினலில் டெராஃபார்ம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடி முடியுங்கள். ஃபோர்ஸ்-அன்லாக் லோக்கல் ஸ்டேட்டில் பலிக்காது, இன்னொரு புராசஸ் அதை அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிடும். கரண்ட் போனதில் உண்மையான இழப்பு வேறு: ஏடபிள்யூஎஸ்ஸில் உருவாகி, ஸ்டேட்டில் எழுதப்படாமல் போன ரிசோர்ஸ். கன்சோலில் பார்த்து அவற்றை இம்போர்ட் செய்து, அதாவது ஸ்டேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டேட் எங்கேயுமே கிடைக்கவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. டெராஃபார்ம் 1.5-இலிருந்து இம்போர்ட் பிளாக் இருக்கிறது, டிஎஃப் ஃபைலிலேயே 'இந்த முகவரிக்கு இந்த ஐடி' என்று எழுதிவிட்டால் பிளானில் '23 இம்போர்ட்' என்று காட்டும், பார்த்துத் திருத்தி அப்ளை கொடுக்கலாம். கோடு கையில் இருப்பதால் 23 என்பது ஒரு மதிய வேலை. ரேண்டம் பாஸ்வேர்டு மாதிரி ஸ்டேட்டில் மட்டுமே வாழும் சிலவற்றில்தான் நிதானம் வேண்டும். அதைப் புதிதாக உருவாக்க விட்டால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் சேர்ந்து மாறும், பில்லிங் நின்றுபோய் ராணிப்பேட்டையிலிருந்து ஃபோன் வரும்.

ஒருவர் மட்டும் ஓட்டும் சின்ன அமைப்புக்கு லோக்கல் ஸ்டேட் தப்பில்லை என்பது என் கருத்து. உங்கள் ஆபீஸில் நாலு பேர், ஆகவே எஸ்3-க்குப் போய்விடுங்கள். பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டால் பழைய ஸ்டேட் ஒவ்வொன்றும் திரும்ப எடுக்கக் கிடைக்கும். லாக்குக்காக முன்பு டைனமோடிபி டேபிள் வேண்டியிருந்தது, டெராஃபார்ம் 1.10-இல் எஸ்3-யிலேயே லாக் ஃபைல் வைக்கும் வசதி வந்துவிட்டது, யூஸ்_லாக்ஃபைல் ட்ரூ என்று ஒரு வரி. மாதச் செலவு டீக்காசுகூட ஆகாது. அதுவரை கிட் கிளீன் கட்டளையில் எக்ஸ் சேர்த்து அடிக்காதீர்கள், கிட் இக்னோரில் உள்ள எல்லாவற்றையும் அது துடைத்துவிடும், டிஎஃப்ஸ்டேட் உட்பட. ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டரிலும் வைக்க வேண்டாம்.

ஃபைண்ட் போட்டு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், எதை எடுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம். ஃபைலை அப்படியே ஒட்டிவிடாதீர்கள், அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பச்சையாக இருக்கும். ஒவ்வொன்றின் அளவு, சீரியல், லினியேஜின் முதல் சில எழுத்து, எத்தனை ரிசோர்ஸ் என்பது போதும்.